பிக்கப் வாங்கி கேம்ப்பர் ஆக்கப் போறீங்களா? ஒரு ராத்திரிக்கு எவ்வளவுன்னு முதல்ல கணக்கு போடுங்க!



நம்ம சேனலுக்கு இப்போ அடிக்கடி வர்ற கேள்வி இது: "சார், கைக்கு மாசம் 1 லட்சம் வருது. ஒரு ஐசூசு வி-கிராஸ் எடுத்து, மேல கூடாரம் போட்டு, பின்னாடி ஃப்ரிட்ஜ் வச்சு ஊர் சுத்தணும். இஎம்ஐ 32,000 தான் வருது. எடுக்கலாமா?"

இஎம்ஐயை மட்டும் பார்த்து இதுக்கு பதில் சொல்ல முடியாது. இந்த வண்டியில வருஷத்துக்கு எத்தனை ராத்திரி தூங்குவீங்க? ஒவ்வொரு ராத்திரிக்கும் எவ்வளவு செலவாகுது? இந்த ரெண்டு நம்பர் தெரிஞ்சாத்தான் பதில் சொல்ல முடியும். பயணத்துக்குப் பயணம் இப்படிக் கணக்கு போடறவங்க சென்னையிலயே இருக்காங்க. காசிமேட்டு விசைப்படகுக்காரங்க!

காசிமேட்டுக் கணக்கு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துல இருந்து கிளம்பற விசைப்படகு பல நாள் கடல்லயே தங்கும். டீசல், ஐஸ், குடிதண்ணி, அரிசி, காய்கறி, கேஸ் எல்லாம் ஏத்திட்டுத்தான் போகணும். யோசிச்சுப் பார்த்தா கேம்ப்பர் வண்டியும் இதே வேலையைத்தான் செய்யுது.

அவங்ககிட்ட கத்துக்க ரெண்டு விஷயம் இருக்கு.

1. ஒவ்வொரு பயணத்துக்கும் தனிக் கணக்கு. ஏலத்துல வந்த பணத்துல அந்தப் பயணத்துக்கான செலவைக் கழிச்ச பிறகுதான் உரிமையாளருக்கும் தொழிலாளிகளுக்கும் பங்கு.

2. பராமரிப்புக்குன்னு ஒதுக்கின காலம். கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் இல்லாத அந்த நாட்கள்லதான் படகைக் கரையேத்தி, சுரண்டி, பெயின்ட் அடிச்சு, இன்ஜின் வேலை பார்ப்பாங்க. அதுக்கான பணத்தை முன்னாடியே ஏற்பாடு பண்ணியாகணும்.

இந்த ரெண்டையும் உங்க பிக்கப்புக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல்ல வண்டி

சொந்த உபயோகத்துக்கு, வெள்ளை போர்டுல வாங்கற டபுள் கேப் பிக்கப்னா நம்ம ஊர்ல முக்கியமா ரெண்டுதான். ஒண்ணு ஐசூசு டி-மேக்ஸ் வி-கிராஸ். 2016-ல வந்தது. சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையைத் தாண்டினதும் இருக்கிற ஸ்ரீசிட்டியில தயாராகுது. இன்னொண்ணு 2022-ல வந்த டொயோட்டா ஹைலக்ஸ். அது இன்னும் விலை அதிகம்.

கணக்கு வசதிக்காக ஷோரூம் விலை 25 லட்சம்னு வச்சுக்குவோம். கீழே வர்ற தொகைகள்ல வரி விகிதம் மட்டும்தான் சட்டப்படி இருக்கறது. மத்ததெல்லாம் என் மதிப்பீடு. உங்க கொட்டேஷனை வச்சு மாத்திக்குங்க.

- ஷோரூம் விலை: 25,00,000
- சாலை வரி: 5,00,000 (தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேல உள்ள காருக்கு 20%)
- முதல் இன்சூரன்ஸ், பதிவுச் செலவு: 1,00,000
- ஆன்-ரோடு: 31,00,000

இது போக 1% டிசிஎஸ், அதாவது 25,000 ரூபாய் கட்டணும். 10 லட்சத்துக்கு மேல விலையுள்ள எந்த வண்டிக்கும் இது உண்டு. இது செலவு கிடையாது, உங்க வருமான வரிக்கான முன்பணம். ரிட்டர்ன் போடும்போது மறக்காம எடுத்துக்குங்க. 2024 அக்டோபர் 1-ல இருந்து, கம்பெனியில தெரிவிச்சா சம்பளத்துல பிடிக்கிற டிடிஎஸ்லயே இதைக் கழிச்சுக்கலாம். பல பேர் இதைக் கவனிக்காம விட்டுடறாங்க.

ஃபிட்டிங் செலவு

- கூடாரம், அதைத் தாங்கற ஃபிரேம்: 1,50,000
- ஆல்-டெரெய்ன் டயர் செட்: 80,000
- லித்தியம் பேட்டரி, சோலார், சார்ஜர்: 70,000
- டிராயர், சமையல் பலகை: 50,000
- 12 வோல்ட் ஃப்ரிட்ஜ்: 40,000
- அடுப்பு, தண்ணி கேன், விளக்கு, கார்பன் மோனாக்சைடு அலாரம்: 10,000
- மொத்தம்: 4,00,000

7 வருஷக் கணக்கு

ஷோரூம் விலையில 80%, அதாவது 20 லட்சம் லோன். 9% வட்டி, 7 வருஷம். இஎம்ஐ சுமார் 32,180. வட்டி மட்டும் 7 லட்சத்தைத் தாண்டும். மீதி 11 லட்சமும் ஃபிட்டிங் 4 லட்சமும் உங்க சேமிப்புல இருந்து வரணும். இஎம்ஐயை மட்டும் பார்க்கறவங்க கண்ணுக்கு இந்த 15 லட்சம் தெரியறதே இல்ல.

- ஆன்-ரோடு: 31 லட்சம்
- ஃபிட்டிங்: 4 லட்சம்
- வட்டி: 7 லட்சம்
- அடுத்த 6 வருஷ இன்சூரன்ஸ்: 3.6 லட்சம்
- சர்வீஸ், டயர், பேட்டரி (வருஷம் 50,000): 3.5 லட்சம்
- கூட்டினா: 49.1 லட்சம்
- 7 வருஷம் கழிச்சு வித்தா வர்றது: 10 லட்சம்
- நிகரச் செலவு: 39.1 லட்சம்

வருஷத்துக்கு சுமார் 5.6 லட்சம். டீசல் இதுல சேரல. எந்த வண்டியில போனாலும் எரிபொருள் போடணும்கறதால விட்டிருக்கேன்.

"சார், ஆபீஸ் போகவும் இதைத்தானே ஓட்டுவேன்?" நியாயமான கேள்வி. எப்படியும் ஒரு கார் வாங்கத்தான் போறீங்கன்னா, சாதாரண காருக்கு ஆகற செலவு வருஷம் 2 லட்சம்னு கழிச்சுடலாம். மீதி 3.6 லட்சம். பயணத்துக்காக மட்டும் நீங்க கூடுதலா கொடுக்கற தொகை இதுதான். இப்போ ராத்திரியால வகுங்க:

- வருஷம் 12 ராத்திரி: ஒரு ராத்திரிக்கு 30,000
- 24 ராத்திரி: 15,000
- 36 ராத்திரி: 10,000
- 60 ராத்திரி: 6,000

மாசம் ஒரு வார இறுதி, வெள்ளியும் சனியும் வண்டியில தூங்கறீங்க. விடாம போனா வருஷம் 24. அதோட 10 நாள் பெரிய பயணம் ஒண்ணு, அதுல 9 ராத்திரி. மொத்தம் 33. கல்யாணம், காய்ச்சல், ரிலீஸ் வீக்எண்ட், மழைன்னு எதுவும் குறுக்க வராத வருஷத்துல கூட இவ்வளவுதான். ஒரு ராத்திரிக்கு 10,000 ரூபாய் கொடுத்து நல்ல ரிசார்ட்ல தங்கினாலோ, ரெடியான கேம்ப்பரை வாடகைக்கு எடுத்தாலோ உங்களுக்கு லாபம்தான்.

"அந்த யூடியூபர் மட்டும் எப்படி சார்?"

அவருக்குப் பயணம்தான் தொழில். வண்டிக்கு 15% தேய்மானம், லோன் வட்டி, டீசல் எல்லாத்தையும் தொழில் உபயோகத்துக்கு ஏத்த அளவு வருமானத்துல கழிச்சுக்க முடியும். ஆடிட்டரா சொல்றேன், சம்பளக்காரருக்கு இதுல ஒரு ரூபாய்கூட கழிவு கிடையாது. புது வரி முறையில உங்களுக்குக் கிடைக்கிற 75,000 நிலையான கழிவு, வண்டி வாங்கினாலும் அதேதான், வாங்காட்டியும் அதேதான். காசிமேட்டுப் படகு சம்பாதிக்கப் போகுது. உங்க பிக்கப் செலவு பண்ணப் போகுது. அதனால அவங்களைவிட நமக்குக் கணக்கு இன்னும் கறாரா இருக்கணும்.

ஃப்ரிட்ஜா, ஐஸ் பெட்டியா?

40 லிட்டர் ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு சுமார் அரை யூனிட் கரண்ட் எடுக்கும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில இருக்கறது 1.28 யூனிட். ஆக ரெண்டு நாளுக்கு மேல ஓடணும்னாத்தான் சோலார் வேணும். ஆனா உங்க பெரும்பாலான ட்ரிப்பே ரெண்டு ராத்திரிதான்!

அதுக்கு மீன் கொண்டு போற மாதிரி கனமான இன்சுலேட்டட் பெட்டி ஒண்ணு போதும். சில ஆயிரம் ரூபாய்தான். தூள் ஐஸைவிடக் கட்டி ஐஸ் மெதுவாத்தான் கரையும். பெட்டியில காலி இடம் விடாம அடுக்கி, அடிக்கடி திறக்காம இருந்தா ரெண்டு நாள் தாராளமா தாங்கும். ஃப்ரிட்ஜை ரெண்டாம் வருஷம் யோசிக்கலாம். விளக்குக்கும் ஃபோனுக்கும் சின்ன பேட்டரி போதும்னு ஆகிடும். ஒரு லட்சத்துக்குக் கிட்ட மிச்சம்.

எடையையும் பாருங்க. 60 லிட்டர் தண்ணின்னா 60 கிலோ. கூடாரமும் ஃபிரேமும் 100 கிலோவைத் தொடலாம், அதுவும் உச்சியில. ஆர்சியில போட்டிருக்கற மொத்த எடைக்குள்ள ஆட்கள், சாமான் எல்லாம் அடங்கணும். தாண்டினா பிரேக் பிடிக்கற தூரமும் கூடும், வளைவுல சாயற ஆபத்தும் கூடும்.

லிஸ்ட்ல விலை குறைஞ்ச அந்த அலாரத்தை மட்டும் தயவுசெய்து வெட்டாதீங்க. 2024 டிசம்பர்ல கேரளாவின் வடகரையில நிறுத்தி வச்சிருந்த ஒரு கேரவன்ல ரெண்டு பேர் இறந்து கிடந்தாங்க. ஜெனரேட்டர் புகையில இருந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம்னு விசாரணையில தெரிய வந்தது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. மூடின கேனோபிக்குள்ள அடுப்பு எரிக்கறதும், இன்ஜினை ஓட விட்டு ஏசியில தூங்கறதும் வேண்டவே வேண்டாம்.

ஆர்டிஓ, இன்சூரன்ஸ்

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியிருக்கு. மீறினா 182ஏ பிரிவுல, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா 6 மாசம் வரை சிறை, இல்லேன்னா ரெண்டும். முன்னாடி மாட்டற புல் பார் 2017 டிசம்பர்லயே கூடாதுன்னு ஆயிடுச்சு. 2021 ஆகஸ்ட்ல கண்ணூர்ல பிரபல யூடியூப் சகோதரர்களோட மாத்தியமைச்ச பயண வேனையே அதிகாரிகள் பறிமுதல் பண்ணாங்க.

எளிமையான வழி: சாமான் மாதிரி ஏத்தி இறக்கக் கூடியதா வாங்குங்க. தரைக் கூடாரம், பெட்டி, கழட்டக்கூடிய டிராயர். வெல்டிங், சீட் மாத்தறது, பாடி வெட்டறது எதுவும் வேண்டாம். நிரந்தரமா எதையாவது பொருத்தணும்னா முதல்ல ஆர்டிஓ ஆபீஸ்ல எழுத்துல கேட்டுக்குங்க.

மாட்டின பொருட்களை இன்சூரன்ஸ் பாலிசியில அறிவிக்கணும். எலக்ட்ரிக்கல் பொருட்களுக்கு அதோட மதிப்புல 4% கூடுதல் பிரீமியம். 1 லட்சத்துக்கு 4,000 ரூபாய் பிளஸ் ஜிஎஸ்டி. அதை மிச்சம் பிடிக்கப் போய், அந்த வயரிங்கால தீப்பிடிச்சா மொத்த கிளெய்மும் சிக்கலாகும். கம்பெனி வயரை வெட்டி ஜாயின்ட் போடறவங்ககிட்ட விடாதீங்க, வாரன்டியும் போயிடும். பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ் இருக்கணும்.

பராமரிப்பு: உங்க "61 நாள்"

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருக்கறவங்களுக்கு உப்புக் காத்து தினசரி எதிரி. பீச்ல கேம்ப் பண்றவங்களுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு கடற்கரை ட்ரிப்புக்கும் அப்புறம் வண்டியோட அடிப்பாகத்தை நல்ல தண்ணியில கழுவுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை அண்டர்-கோட்டிங், வயர் கனெக்டர், ஸ்பிரிங் மாட்டற இடங்களைப் பார்த்துடுங்க.

இன்னொண்ணு, பிஎஸ்-6 டீசல் வண்டியில புகைக்கரியைப் பிடிக்கற டிபிஎஃப் இருக்கும். அது தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்க, வண்டி கொஞ்ச நேரம் சீரான வேகத்துல ஓடணும். கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவுல தினம் 5 கிலோமீட்டர் ஊர்ந்து ஆபீஸ் போய்ட்டு வந்தா அது அடைச்சுக்கும். வாரத்துல ஒரு நாளாவது ஹைவேயில ஓட்டுங்க.

பணத்துக்கு வழி: மாசம் 4,200 ரூபாய்க்கு தனி ஆர்டி. வருஷம் 50,000 சேரும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி, செப்டம்பர்ல ஒரு வாரம் ஒதுக்கி எல்லா வேலையையும் முடிச்சுடுங்க. 32,000 இஎம்ஐயோட இந்த 4,200-ஐயும் கட்ட முடியலைன்னா அந்த வண்டி உங்க பட்ஜெட்டுக்கு மேலன்னு அர்த்தம்.

செகண்ட் ஹேண்ட் பார்க்கறவங்களுக்கு

முதல் தேய்மானத்தை வேற ஒருத்தர் சுமந்திருப்பார்ங்கறதால 4, 5 வருஷ வண்டி நல்ல வழிதான். ஆனா துறைமுகத்துல மீன் கூடை ஏத்தின வண்டிகளைப் பாருங்க. ஒழுகின உப்புத் தண்ணி ஓடின இடமெல்லாம் அரிச்சிருக்கும். கடலோரத்துல ஓடின எந்த பிக்கப்பா இருந்தாலும் பெட்டித் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்க. சேசிஸ், பிரேக் பைப்பைத் தூக்கி நிறுத்திப் பாருங்க. புதுசா அடிச்ச கறுப்பு பெயின்ட் மட்டும் பளபளன்னா ரெண்டு தடவை யோசிங்க. பரிவாகன் தளத்துல லோன் பாக்கி, சலான் இருக்கான்னு செக் பண்ணுங்க.

என்ன பண்ணலாம்?

1. போன 12 மாசத்துல வீட்டுக்கு வெளிய, ஊர் சுத்தப் போய்த் தூங்கின ராத்திரிகளை காலண்டர் பார்த்து எண்ணுங்க. மனசுல இருக்கிற நம்பர் வேண்டாம்.

2. அது 15-க்குக் கீழேன்னா, இருக்கிற காரோட ஒரு தரைக் கூடாரம், ஐஸ் பெட்டி, அடுப்பு, அலாரம். 30,000 ரூபாய்க்குள்ள ஆரம்பிச்சுடலாம்.

3. 15-ல இருந்து 35 வரைன்னா, வருஷத்துல ரெண்டு, மூணு ட்ரிப்புக்கு பெரிய வண்டியை வாடகைக்கு எடுங்க. அதுல தூங்கறது உங்களுக்கும் வீட்டுல இருக்கறவங்களுக்கும் பிடிக்குதான்னும் தெரிஞ்சுடும்.

4. ரெண்டு வருஷம் தொடர்ந்து 36-ஐத் தாண்டினா, 6 மாசச் செலவுக்கான அவசர நிதியும் ஹெல்த் இன்சூரன்ஸும் ஏற்கெனவே இருந்தா, தாராளமா பிக்கப் எடுங்க. அந்தக் காசு வீண் இல்ல.

உங்க நம்பர் எத்தனை வந்துச்சு? கமெண்ட்ல போடுங்க. ஆன்-ரோடு கொட்டேஷனையும் சேர்த்துப் போட்டா, உங்க ஒரு ராத்திரிச் செலவு எவ்வளவுன்னு சேர்ந்தே கணக்கு பார்த்துடலாம்.