குதிநாணுக்கு ஓய்வு மட்டும் போதாது

2023 நவம்பரில் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில், முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 72 வயதில் இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றார். வயது போனால் ஓடக்கூடாது என்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டியதில்லை. ஆனாலும் நாற்பதைக் கடந்து ஓடுகிறவர்களுக்குக் காலையில் எழுந்ததும் குதிகாலுக்கு மேலே பிடிக்கும் விறைப்பும் வலியும் பொய்யல்ல. பெல்மதுளைத் தோட்டங்களில் சித்திரைப் புத்தாண்டு மரதனுக்குத் தயாராகிறவரும் வலி வந்தால் எண்ணெய் தேய்த்து வாரக்கணக்கில் ஓய்வெடுப்பார். வலி அடங்கும், ஓடத் தொடங்கியதும் திரும்பி வரும். வலிக்கும் அந்தக் குதிநாண் கேட்பது வெறும் ஓய்வையல்ல, அளவறிந்த பாரத்தை.

கெண்டைத்தசையைக் குதி எலும்போடு பிணைக்கும் இந்த நாண், ஓடும்போது உடல் எடையைப்போலப் பல மடங்கு இழுவையைத் தாங்குகிறது. தசைக்குப் பாயும் அளவு இரத்தம் அதற்குக் கிடைப்பதில்லை. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14 நாணில் எவ்வளவு படிந்திருக்கிறது என்று அளந்த டென்மார்க் ஆய்வாளர்கள், 2013இல் வியப்பான முடிவொன்றை வெளியிட்டார்கள்: அதன் உட்பகுதி ஏறத்தாழ 17 வயதோடு உருவாகி முடிகிறது, பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை எனலாம். அறுபது வயதிலும் நாம் ஓடுவது பள்ளிக்கூட நாளில் முறுக்கிய அதே வடத்தை நம்பித்தான்.

அப்படியானால் அதைப் பொத்திப் பாதுகாப்பதுதானே முறை என்று கேட்கலாம். இல்லை; பாரம் படாத நாண் வலுவிழக்கிறது. 1998இல் சுவீடன் மருத்துவர் ஹோகன் அல்பிரெட்சன், நாட்பட்ட நாண்வலியுள்ள நடுவயது ஓட்டக்காரர் 15 பேரிடம், படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெல்லக் கீழிறக்கும் பயிற்சியை 12 வாரம் செய்வித்தார். எல்லோரும் ஓட்டத்துக்குத் திரும்பினர். சிறிய ஆய்வுதான், பின்னால் வந்தவற்றில் பலன் இவ்வளவு முழுமையாக இல்லை. இருந்தும் பாரப்பயிற்சியே இன்று முதற்சிகிச்சை. நாள் முழுக்கக் கொழுந்து மலையில் ஏறி இறங்குகிறவருக்கு இன்னும் என்ன பயிற்சி என்பது அடுத்த கேள்வி, நியாயமானதும்கூட. அந்த ஏற்ற இறக்கம் ஆயிரம் தடவை வரும் சிறு பாரம். நாண் ஆறுவதற்கு இடைவெளி தருவதில்லை. பயிற்சியின் பாரமோ கனமானது, மெதுவானது. வாரம் மூன்று நாள் அப்படிச் செய்தாலும் தினசரிப் பயிற்சிக்கு நிகரான பலன் கிடைப்பதை 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வேலை கடினமான நாளில் பயிற்சியை விட்டுவிடலாம்.

பின்காலில் யாரோ உதைத்ததுபோல் திடீரென உணர்ந்து, நுனிக்காலில் எழும்ப முடியாமற்போனால் அது நாண் அறுந்த அறிகுறி. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். சிப்ரோபுளொக்சசின் வகை நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் நாணை அறுக்கக்கூடியவை, அறுபது கடந்தவர்களுக்கும் ஸ்டீரொய்ட் எடுப்பவர்களுக்கும் அபாயம் அதிகம். அந்த மாத்திரையை எழுதித் தரும்போதே ஓடுகிறவர் என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.