கையெழுத்துக்கு முன்னால் 22 பக்கம்

ஓபியிலிருந்து திரும்பிய அத்தையின் மஞ்சள் பையில் மாத்திரை அட்டைகளோடு ஒரு தாள்கட்டும் இருந்தது. எண்ணிப் பார்த்தேன், 22 பக்கம். "பிபிக்குப் புது மாத்திரையாம். டெஸ்ட் எல்லாம் ஃப்ரீ, பஸ் காசும் குடுப்பாங்களாம். கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வரச் சொன்னாங்க. நம்மள எலியாக்கப் பாக்குறாங்களாடா?" என்றார்.

அத்தைக்கு வயது 58. நாலு வகை பிபி மாத்திரை போட்டும் மேல் எண் 160-ஐ விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. சுகரும் உண்டு. ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வயசாயிடுச்சு என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவார். டாக்டர் ஏதோ ஒரு சுரப்பியின் பெயரைச் சொல்லி, அதையும் பார்க்கணும் என்றாராம். பெயர்தான் அத்தையின் வாயில் நிற்கவில்லை.

அட்ரீனல். ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும், எடை நாலைந்து கிராம். அது சுரக்கும் அல்டோஸ்டிரோன் உடம்பில் உப்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடும். அது மிஞ்சினால் பிபி ஏறும். இன்னொரு ஹார்மோன் கார்டிசால். அது மிஞ்சினால் சுகரும் பிபியும் ஜோடியாக ஏறும். இரண்டும் இல்லாமலும் உயிர் வாழ முடியாது என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

1954-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் கான் என்ற மருத்துவரிடம் 34 வயதுப் பெண் ஒருவர் வந்தார். தசைப்பிடிப்பு, அவ்வப்போது கால் விழுந்துபோவது, உயர் ரத்த அழுத்தம், ரத்தத்தில் பொட்டாசியம் மிகக் குறைவு. அட்ரீனலில் ஒரு கட்டி இருந்தது. அதை எடுத்த பிறகு அவர் தேறினார். அன்றிலிருந்து அது கானின் பெயரால் வழங்கும் நோய். பல்லாண்டு காலம் அதை அபூர்வ நோய் என்றே பாடம் நடத்தினார்கள். அபூர்வம் என்று நினைத்ததால் யாரும் தேடவில்லை. தேடாததால் அது அபூர்வமாகவே இருந்தது. தேடத் தொடங்கிய பிறகு, பிபி உள்ளவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கும், பல மாத்திரைக்கும் அடங்காதவர்களில் ஏறக்குறைய 20 பேருக்கும் இது இருப்பதாகத் தெரிந்தது. அவர்களில் பெரும்பாலானோருக்குப் பொட்டாசியம்கூடச் சரியாகத்தான் இருக்கும். பிபி உள்ள எல்லோரிடமும் இதைத் தேடிப் பார்க்கலாம் என்று அமெரிக்காவின் நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2025-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. தேவைப்படுவது அல்டோஸ்டிரோன், ரெனின் என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள்தான்.

நம் பக்கம் நிலவரம் என்ன? சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பில், சுகர் உள்ளவர்கள் 10.1 கோடி, பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்து தருகிறது. நல்ல காரியம். ஆனால் மாத்திரை ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி ஓபி வரிசையின் வேகத்தில் காணாமல் போய்விடுகிறது. "உப்பைக் குறைங்கம்மா" என்பதோடு முடிந்துவிடும்.

அந்தக் கேள்வியைத்தான் இப்போது மருந்தாய்வுகள் கையில் எடுத்திருக்கின்றன. அல்டோஸ்டிரோன் உற்பத்தியையே அடைக்கும் பாக்ஸ்ட்ரோஸ்டாட் என்ற மாத்திரையின் பெரிய ஆய்வு முடிவு 2025-இல் வந்தது. சுகர் எவ்வளவு மருந்துக்கும் அடங்காத 1,057 பேரிடம் அமெரிக்காவில் நடத்திய ஓர் ஆய்வில், கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்குக் கார்டிசால் மிகுதியாக இருந்ததாகச் சொன்னார்கள். இந்த இரண்டாவது செய்தியைக் கொஞ்சம் உப்புக் கரைத்துத்தான் விழுங்க வேண்டும்: அந்த ஆய்வுக்குப் பணம் போட்டது கார்டிசாலைத் தடுக்கும் மருந்தை விற்கும் நிறுவனம். அதனால் முடிவு பொய் என்று சொல்லவில்லை. யார் செலவில் எண்ணினார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்கிறேன். அத்தையின் 22 பக்கத்திலும் நான் முதலில் தேடியது 'ஸ்பான்சர்' யார் என்ற வரியைத்தான்.

படிவம் தமிழில்தான் இருந்தது. "பங்கேற்பாளர்கள் சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவர்" என்று ஒரு வாக்கியம். அத்தைக்குப் புரியவில்லை, எனக்கே இரண்டு தரம் படிக்க வேண்டியிருந்தது. குலுக்கல் சீட்டு, அவ்வளவுதான். சீட்டில் வந்தால் புது மருந்து, வராவிட்டால் பார்ப்பதற்கு அதே மாதிரி இருக்கும் டம்மி மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. இதை இப்படியே எழுதினால் என்ன குறைந்துவிடும்? 2019 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகள், தகவல் தாள் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில், தொழில்நுட்பச் சொல் இல்லாமல் இருக்க வேண்டும் என்கின்றன. படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி உடனிருந்து கேட்க வேண்டும். எளிதில் வற்புறுத்தலுக்கு ஆளாகக் கூடியவர்களை முற்றிலும் புதிய மருந்தின் ஆய்வில் சேர்த்தால், விளக்கிச் சொல்வதையும் சம்மதம் வாங்குவதையும் வீடியோவில் பதிய வேண்டும். கையெழுத்தான படிவத்தின் நகல் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். "ஃபைல்ல இருக்கும்மா" என்பது பதிலாகாது.

எலியா என்ற கேள்விக்கு வருகிறேன். எலியிடம் யாரும் கேட்பதில்லை. உங்களிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் வழக்கமான வைத்தியம் துளியும் குறையக் கூடாது. சேர்ந்த பிறகும் எந்த நாளிலும், காரணம் சொல்லாமல் விலகலாம். ஆய்வு என்றாலே வலை என்று நினைப்பதும் சரியல்ல. சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வுதான், நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சுகர் வருவதை ஏறக்குறைய 28 சதவீதம் குறைக்கும் என்பதை நம் ஆட்களிடமே காட்டியது. அந்த 531 பேரும் கையெழுத்துப் போட்டவர்கள்தான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சுகரை இன்னும் இறுக்கிப் பிடித்தால் இதயத்துக்கு நல்லது என்ற நம்பிக்கையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரிடம் 'அக்கார்டு' என்ற ஆய்வு நடந்தது. இறுக்கிப் பிடித்த குழுவில் 257 பேரும், வழக்கமான குழுவில் 203 பேரும் இறந்திருந்தார்கள். 2008 பிப்ரவரியில் இறுக்கும் வைத்தியத்தை நிறுத்தினார்கள். நல்ல நோக்கம், பெரிய டாக்டர்கள், அரசாங்கப் பணம், எல்லாம் இருந்தும் இப்படி ஆனது. பதில் தெரிந்திருந்தால் ஆய்வே தேவையில்லையே.

அட்ரீனல் ஆய்வுகளுக்கென்றே தனி ஆபத்துகள் இருக்கின்றன. முதலாவது, தொடக்கத்தில் பழைய மாத்திரை சிலவற்றை நிறுத்தச் சொல்வது. ஹார்மோன் அளவு சரியாகத் தெரிய, ஸ்பைரனோலாக்டோன் போன்றவற்றை நாலு வாரம் அல்லது அதற்கு மேலும் நிறுத்த வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் பிபி எகிறினால் யாரைக் கூப்பிடுவது, ராத்திரி இரண்டு மணிக்கும் அந்த நம்பர் எடுக்குமா என்று கேளுங்கள்.

இரண்டாவது பொட்டாசியம். அல்டோஸ்டிரோனை அடக்கினால் பொட்டாசியம் உடம்பில் தங்கும். அளவு மீறினால் இதயத் துடிப்பே தடுமாறும். வெயில் காலத்தில் நாளுக்கு இரண்டு இளநீர் குடிக்கும் ஊர் நம்முடையது. இளநீரில் பொட்டாசியம் தாராளம். 'பிபிக்கு நல்லது' என்று கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பிலும் சோடியத்துக்குப் பதில் போடுவது பொட்டாசியத்தைத்தான். தகவல் தாள்கள் வெளிநாட்டில் தயாராகி வரும்போது வாழைப்பழத்தைச் சொல்லும், இளநீரை விட்டுவிடும்.

மூன்றாவது கார்டிசால். அல்டோஸ்டிரோனைத் தயாரிக்கும் நொதியும் கார்டிசாலைத் தயாரிக்கும் நொதியும் 93 சதவீதம் ஒரே சாயல். ஒன்றைக் குறிவைத்தால் மற்றது அடிபடலாம். ஒசிலோட்ரோஸ்டாட் என்ற மருந்தை முதலில் பிபிக்காகத்தான் கொண்டுவந்தார்கள். அது கார்டிசாலையும் சேர்த்து இறக்கியது. இன்று அது கார்டிசால் மிகுந்துபோகும் குஷிங் நோய்க்கு மருந்தாக விற்கிறது! ஆக, இந்த வகை ஆய்வில் இருக்கும்போது ஓயாத களைப்பு, வாந்தி, தலைசுற்றி விழுதல் வந்தால் 'பித்தம்' என்று இஞ்சிச் சாறு குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது. அன்றே ஆய்வு மருத்துவரிடம் போக வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் கார்டிசால் மிகுந்தது போன்ற தொல்லைகளுக்கு முக்கிய வழி அட்ரீனல் கட்டி அல்ல, கார்டிசால் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு மருந்து. மூட்டுவலிக்குப் பொட்டலத்தில் வரும் பெயரில்லாத பொடி, சதை போட மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் வெள்ளை மாத்திரை, முகம் வெளுக்கப் பூசும் கிரீம். பலவற்றில் டெக்ஸாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ கலந்திருக்கும். முகம் நிலாப்போல வட்டமாகும், வயிறு தள்ளும், தோலில் ஊதா வரிகள் விழும், சுகரும் பிபியும் ஏறும். பல மாதம் சாப்பிட்டவரின் சொந்த அட்ரீனல் வேலையை மறந்து தூங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஆய்வில் சேரும் முன் "வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்பார்கள். திட்டு விழுமோ என்று அந்தப் பொடியை மறைப்பவர்கள் நிறைய. மறைக்காதீர்கள், பொட்டலத்தையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அத்தைக்கு நான் சொல்லிக் கொடுத்த முதல் கேள்வி இதுதான்: "ஏற்கெனவே கடையில கிடைக்கிற மருந்தை எனக்குக் குடுத்துப் பாத்தாச்சா?" மூன்று மருந்துக்கு அடங்காத பிபிக்கு நான்காவதாகச் சேர்க்க ஸ்பைரனோலாக்டோன்தான் சிறந்தது என்று 2015-இல் பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. பழைய மருந்து, விலை மலிவு. ஆண்களுக்கு மார்பு வீங்குவது போன்ற தொல்லை உண்டு என்றாலும், அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் புது மருந்து ஆய்வுக்கு ஒருவரை அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கெடுதல் நேர்ந்துவிட்டால்? அது ஆய்வினால் வந்ததல்ல என்று நிரூபணமாகும் வரை, அல்லது தேவைப்படும் வரை, இலவச சிகிச்சை தர வேண்டும். கடுமையான பாதிப்பை 24 மணி நேரத்துக்குள் ஆய்வு மருத்துவர் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆய்வினால்தான் மரணமோ நிரந்தர ஊனமோ என்று முடிவானால் இழப்பீடு உண்டு. மரணத்துக்கான கணக்கு 8 லட்ச ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் ஏற்கெனவே இருந்த நோயின் கடுமையையும் பொறுத்துக் கூடும், குறையும். உத்தரவு வந்த 30 நாளில் ஸ்பான்சர் பணம் கட்ட வேண்டும். தரக்கூடிய வைத்தியம் இருந்தும் அதை மறுத்து டம்மி மாத்திரை கொடுத்ததால் வந்த பாதிப்புக்கும் இது பொருந்தும். பலருக்கு இது தெரியாது. டம்மிதானே, அதற்கு என்ன இழப்பீடு என்று விட்டுவிடுகிறார்கள்.

முறையிட முதல் இடம் ஆய்வு நடத்தும் டாக்டர். அடுத்தது நெறிமுறைக் குழு. குறைந்தது ஏழு பேர், பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்கள். அதன் தொலைபேசி எண் தகவல் தாளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே ஒரு கெட்ட அறிகுறி. அதற்கும் மேலே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு எழுத்தில் புகார் தரலாம். கேட்ட மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வக்கீல் கிடைப்பார், எண் 15100. ஆய்வில் இல்லை, கடையில் வாங்கிய மருந்தே ஒத்துக்கொள்ளவில்லை என்றால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். எந்த மருந்தாய்வும் முதல் ஆளைச் சேர்க்கும் முன் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, வீட்டுப் பிள்ளைகளை போனில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அத்தை இன்னும் முடிவெடுக்கவில்லை. அடுத்த வாரம் அல்டோஸ்டிரோன், ரெனின் பரிசோதனைக்குப் போகிறார். அதன் முடிவு வந்த பிறகே மறுபேச்சு என்று சொல்லிவிட்டார். 22 பக்கமும் ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாள்கட்டு வந்தால் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் தொழில், ஆண்டு வருமானம் எழுதும் இடத்துக்குக் கீழே நாமினியின் பெயர், முகவரி, உறவு எழுத ஒரு கட்டம் இருக்கும். ஆய்வினால் உயிர் போனால் இழப்பீடு யாருக்கு என்பதற்கான கட்டம் அது. அவசரத்தில் அதைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.