ஆடிப் பெருக்கில் ஒரு பந்தயம்

சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்து மாமிகள் சிலர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "ஏம்மா, மழை வெள்ளத்தில் படகு ஓட்டிப் போட்டி போடுகிறாயாமே, அதைப் பற்றி மலருக்கு எழுதேன்" என்றார்கள். "உன் அம்மா எப்படித்தான் விட்டாளோ!" என்று ஒருவர் பெருமூச்சும் விட்டார். இரண்டுக்கும் சேர்த்து இந்தக் கட்டுரை.

"ஜலத்தில் கண்டம்" என்று ஒருவருக்காவது ஜோசியர் எழுதிவைக்காத தமிழ்க் குடும்பம் அபூர்வம். அந்தப் பிள்ளைக்கு ஆறும் குளமும் கிணறும் அன்றோடு விலக்கு. காவிரியைத் தாய் என்கிறோம்; ஆடிப் பதினெட்டுக்கு மஞ்சள் குங்குமம் இடுகிறோம்; ஆனால் அவள் மடியில் நீந்தத் தெரிந்தவர் நம் வீடுகளில் எத்தனை பேர்?

எங்கள் வீட்டில் பயத்துக்கு ஜாதகம் மட்டும் காரணமில்லை. அம்மாவின் தம்பி பதினான்கு வயதில் கொள்ளிடத்தில் குளிக்கப் போனவர், திரும்பவில்லை. அந்த மாமாவை நான் சட்டமிட்ட படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து பெங்களூருக்குக் குடி வந்தபோது, "நல்ல வேளை, இந்த ஊரில் ஆறு இல்லை" என்றுதான் அம்மா முதலில் சொன்னாளாம். அப்படிப்பட்டவளிடம், கல்லூரி முடித்த கையோடு, "கயாக் கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்று நின்றேன். வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அம்மாவே வாய் திறந்தாள்.

"தண்ணியில விழுந்தா எப்படிப் பிழைக்கிறதுன்னு முதல்ல கத்துக்கோ. படகெல்லாம் அப்புறம்."

அவளுக்குத் தெரியாது, இந்த விளையாட்டில் முதல் பாடமே அதுதான் என்று.

கயாக் என்பது ஒருவர் உட்காரும் குறுகிய, மூடிய படகு. கால்களை முன்னே நீட்டி உள்ளே நுழைத்து, இடுப்பைச் சுற்றி ரப்பர் விளிம்புள்ள ஒரு துணியால் படகின் வாயை மூடிவிடுவோம். தண்ணீர் உள்ளே புகாது. துடுப்புக்கு இரண்டு பக்கமும் தட்டை உண்டு. போட்டிக்கான கனூவில் மண்டியிட்டு உட்கார வேண்டும்; துடுப்புக்கு ஒரே தட்டை. இரண்டில் எது கவிழ்ந்தாலும் படகைவிட்டு வெளியே வராமல், துடுப்பை நீரில் வீசி இடுப்பை ஒரு வெட்டு வெட்டி நிமிர வேண்டும். இதற்கு ரோல் என்று பெயர். பெங்களூரில் ஒரு நீச்சல் குளத்தில் நான்கு மாதம் இதை மட்டும் பழகினேன்.

அடுத்த பாடம், படகைவிட்டு வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்பது. மல்லாந்து படுத்து, கால்களை நீர் போகும் திசையில் நீட்டி, பாதங்களை நீர்மட்டத்துக்கு அருகே வைத்துக்கொள்ள வேண்டும். வேகமான நீரில் எழுந்து நிற்க முயலவே கூடாது. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் பின்னால் வரும் நீர் ஆளைக் குப்புறத் தள்ளி அழுத்திவிடும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று இறங்குகிறவர்கள் போவது இதனால்தான். இதை நான் வீட்டில் விளக்கியபோது அம்மா ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

குளத்துக்குப் பிறகு தாண்டேலியில் காளி நதி, அதற்குப் பிறகு ரிஷிகேசத்துக்கு மேலே சிவபுரியில் கங்கை. ஆற்றின் பாய்ச்சலை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பார்கள். ஒன்று குழந்தை விளையாட்டு. ஆறு உயிருக்கு உலை. மூன்றாம் தரத்தில் தடுமாறாமல் இறங்க எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன. ஆறாவது ஆண்டில்தான் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன்.

போட்டி நடக்கும் இடம் நமக்குத் தூரமில்லை. பெங்களூரிலிருந்து மைசூர், பந்திப்பூர், வயநாடு வழியாகப் போய் தாமரச்சேரிச் சுரத்தின் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கினால் கோழிக்கோடு மாவட்டத்துக் கோடஞ்சேரி. பந்திப்பூர் காட்டுப் பாதையில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வண்டிகளுக்குத் தடை. ஆகவே பகலில்தான் கிளம்ப வேண்டும். சாலிப்புழா, இருவஞ்சிப்புழா என்ற இரண்டு சிற்றாறுகள் அங்கே மலையிலிருந்து குதித்து இறங்குகின்றன. 2013 முதல் மலபார் ஆற்றுத் திருவிழா என்ற பெயரில் மழைக்காலப் போட்டி நடத்துகிறார்கள். நியூசிலாந்தின் ஒலிம்பிக் வீரர் மைக் டாசன் போன்றவர்கள் வந்து துடுப்புப் போட்ட ஆறு இது. ஒட்டுமொத்தமாக வெல்லும் ஆணுக்கு 'ரேபிட் ராஜா', பெண்ணுக்கு 'ரேபிட் ராணி' என்று பட்டம்.

2023 ஆகஸ்டில், ஆடிப் பெருக்கு முடிந்த கையோடு போனோம். ஆம், "போனோம்"தான். புளியோதரை மூட்டையோடு அம்மாவும் வண்டியில் ஏறிவிட்டாள்.

முதல் போட்டி ஸ்லாலம். ஆற்றுக்குக் குறுக்கே கம்பி கட்டி, அதிலிருந்து இரண்டிரண்டு கம்புகளாகத் தொங்கவிட்டிருப்பார்கள். பச்சைக் கம்புகளுக்கிடையே நீரோட்டத்தோடு போக வேண்டும். சிவப்புக் கம்புகளுக்கிடையே நீரை எதிர்த்து ஏற வேண்டும். சர்வதேச விதிப்படி கம்பைத் தொட்டால் இரண்டு நொடி அபராதம்; வாயிலைத் தவறவிட்டால் ஐம்பது நொடி. எதிர்த்து ஏறுவதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. பாறைக்குப் பின்புறம் நீர் வட்டமிட்டு மேல்நோக்கித் திரும்பும். அந்த இடத்துக்குள் படகின் மூக்கைச் செருகிவிட்டால் ஆறே நம்மை மேலே தூக்கிக் கொடுக்கும். ஆற்றோடு சண்டை போடுகிறவருக்குக் கை வலி மிச்சம். ஆற்றைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் நேரம் மிச்சம். எனக்கு அபராத நொடி ஒன்றும் விழவில்லை. ஆனால் உத்தராகண்ட் பெண்கள் அபராதத்தோடு சேர்த்தும் என்னைவிட வெகு வேகம்!

இரண்டாவது போட்டர் கிராஸ். நான்கு பேர் உயரமான மேடையிலிருந்து ஒரே நேரத்தில் படகோடு ஆற்றில் விழ வேண்டும். பிறகு முட்டலும் மோதலும்தான். ஸ்லாலம் பரதநாட்டியம் என்றால் இது ஜல்லிக்கட்டு. இரண்டாம் வளைவில் பக்கத்துப் படகு என் மேல் ஏறியது, கவிழ்ந்தேன். தலைகீழாக இருக்கும்போது காதில் ஒரே இரைச்சல், கண்ணுக்குக் காவி நிறம். துடுப்பை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, இடுப்பை வெட்டி நிமிர்ந்தேன். நால்வரில் மூன்றாவதாக முடித்தேன். முதல் இருவருக்கு மட்டுமே அடுத்த சுற்று. எனக்கு அத்தோடு சரி.

எனக்கு அது மூன்று நொடி மாதிரி இருந்தது. கரையிலிருந்த அம்மா, "ஒன்பது எண்ணினேன்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிவிட்டாள்.

பிறகு அவள் செய்ததுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். கரையில் பத்தடிக்கு ஒருவராகப் பையன்கள் கையில் ஒரு சிறு பையோடு நிற்பார்கள். பைக்குள் மிதக்கும் கயிறு. ஆற்றில் போகிறவரைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கத்தி, கயிற்றின் நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, பையை அவருக்கு எட்டும்படி வீச வேண்டும். ஒரு மலையாளப் பையனிடம் அம்மா போய், "எனக்கும் சொல்லிக் கொடு தம்பி" என்றாள். அவனும் "சேச்சி, இங்ஙனே" என்று கையைப் பிடித்துக் காட்டினான். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அரை மணி நேரம் புல்தரையில் வீசிப் பழகினாள். திரும்பி வந்து, "இருபது அடி கயிறுடி. அன்னைக்குப் படித்துறையில அவ்வளவு பேர் நின்னாங்க, ஒருத்தர் கையிலயும் ஒரு கயிறு இல்லை" என்றாள். மாமாவைப் பற்றி அவள் அழாமல் பேசி அன்றுதான் கேட்டேன்.

மூன்றாவது, ஆற்றோடு கீழே இறங்கும் நெடும் பந்தயம். ஒருவர் பின் ஒருவராக விடுவார்கள், கடிகாரம்தான் எதிரி. முந்தின நாளே கரையோரம் நடந்து ஒவ்வொரு பாறையையும் மனப்பாடம் செய்ய வேண்டும். இரவில் மழை கொட்டினால் மனப்பாடம் செய்ததில் பாதி மறுநாள் நீருக்கடியில்! இருவஞ்சிப்புழாவில் நான் கவிழாமல் கடைசிவரை வந்து சேர்ந்தேன். பட்டியலில் என் பெயர் கீழ்ப் பாதியில். அதில் எனக்கு வருத்தம் துளியும் இல்லை.

இதை எழுதும்போது 2024 ஜூலை 30 நினைவுக்கு வராமல் இல்லை. அன்று அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் மலை சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். பலருடைய உடல்கள் வெகுதூரம் கீழே, நிலம்பூர் பக்கம் சாலியாற்றில் கிடைத்தன. நாங்கள் பந்தயம் விட்ட சிற்றாறுகளின் நீரும் கடைசியில் அந்தச் சாலியாற்றில்தான் சேர்கிறது. நீர் விளையாட்டுப் பொருள் இல்லை. அதைக் கற்றவர்கள்தான் எந்த நாளில் இறங்கக்கூடாது என்பதையும் அறிவார்கள். நீர்மட்டம் பார்த்துப் போட்டியை நிறுத்துவதும் இந்த விளையாட்டின் ஒரு பகுதி.

பிள்ளைகளுக்கு இதில் எதிர்காலம் உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்லாலம் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அறிமுகமாகி, 1992 பார்சிலோனாவிலிருந்து தொடர்ந்து நடக்கிறது. பெண்களுக்கான கனூ ஸ்லாலம் 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் சேர்ந்தது. நான் கவிழ்ந்தேனே, அந்த மாதிரியான நால்வர் பந்தயம் 'கயாக் கிராஸ்' என்ற பெயரில் 2024 பாரிஸில் அரங்கேறிவிட்டது. நம் நாட்டில் நர்மதைக் கரை மகேஷ்வரில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் ஸ்லாலமும் இடம்பெற்றது.

பதக்கம் வருகிறதோ இல்லையோ, பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பிள்ளையை முதலில் நீச்சலுக்கு அனுப்புங்கள். படகு கற்றுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், "மீட்பு எப்போது சொல்லித் தருவீர்கள்?" என்று கேளுங்கள். "முதல் நாளே" என்றால் தைரியமாகச் சேருங்கள். "அதெல்லாம் பிறகு" என்றால் திரும்பி வந்துவிடுங்கள். உயிர்காப்புச் சட்டையும் தலைக்கவசமும் இல்லாமல் இறங்கவிடாதீர்கள். ஆடிப் பெருக்குக்குக் குடும்பத்தோடு ஆற்றங்கரைக்குப் போகும்போது சித்திரான்னக் கூடையோடு இருபது அடி கயிறும் ஒன்று இருக்கட்டும். எங்கள் வீட்டு வண்டியில் அது எப்போதும் இருக்கிறது. வைத்தது நான் இல்லை, அம்மா.