கதவைத் திறந்து வைத்த எழுத்தாளர்!

1974 பிப்ரவரி 13. உலகப் புகழ்பெற்ற ரஷ்ய எழுத்தாளர் அலெக்சாண்டர் சோல்செனிட்சினின் குடியுரிமையைப் பறித்த சோவியத் அரசு, அவரை விமானத்தில் ஏற்றி நாடு கடத்தியது. மேற்கு ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட் நகரில் வந்து இறங்கினார். அவர் அன்றிரவு தங்கியது நட்சத்திர ஹோட்டலில் அல்ல. லாங்கன்பிராய்க் என்ற சின்னஞ்சிறு கிராமத்தில், நண்பர் ஒருவரின் வீட்டில். வாசலில் பத்திரிகையாளர் கூட்டம் முண்டியடித்தது.

கதவைத் திறந்து அவரை வரவேற்ற நண்பர், ஹைன்ரிஷ் ப்யோல். நாவலாசிரியர், மொழிபெயர்ப்பாளர், நோபல் பரிசு பெற்றவர்.

தச்சர் மகன்

1917 டிசம்பர் 21 அன்று கொலோன் நகரில் பிறந்தார் ப்யோல். அப்பா மரவேலை செய்யும் தச்சர், மரச்சிற்பியும்கூட. அவருக்கு எட்டாவது பிள்ளை இவர். 1930 வாக்கில் பொருளாதார நெருக்கடி குடும்பத்தை உலுக்கியது. சொந்த வீடு கையை விட்டுப் போனது. கடனும் வறுமையும் எப்படியிருக்கும் என்பதைச் சிறுவயதிலேயே பார்த்துவிட்டார்.

உடன் படித்த பையன்கள் ஹிட்லரின் இளைஞர் படையில் சேர்ந்து அணிவகுத்தபோது, ப்யோல் சேரவில்லை. பள்ளி முடித்ததும் புத்தகக் கடையில் வேலை பழகப் போனார். பிறகு கல்லூரி. ஆனால் 1939-ல் போர் வெடித்தது. பிடிக்காத ஆட்சிக்காக, பிடிக்காத சீருடையை மாட்டிக்கொண்டு ஆறு வருடங்கள் ராணுவத்தில் கழிக்க வேண்டியதாயிற்று. பலமுறை காயம்பட்டார்.

அந்த நாள்களில் அவரைத் தாங்கிப் பிடித்தது கடிதங்கள்தான். வீட்டுக்கும், அன்மேரி என்ற பெண்ணுக்கும் நூற்றுக்கணக்கில் எழுதினார். 1942-ல் அன்மேரியைக் கைப்பிடித்தார். அன்மேரி அவரைவிட ஏழு வயது மூத்தவர். ஆங்கிலம் கற்றுத் தரும் ஆசிரியை.

இடிபாடுகளில் ஒரு குடும்பம்

போர் முடிந்து, அமெரிக்கர்களின் கைதிகள் முகாமில் இருந்து ப்யோல் வெளியே வந்தபோது கொலோன் நகரமே கற்குவியலாகக் கிடந்தது. அந்த வருடம் ஜூலையில் பிறந்த முதல் குழந்தை கிறிஸ்டோஃப், அக்டோபரில் இறந்துபோனது. பிறகு மூன்று மகன்கள் பிறந்தார்கள்.

கதை எழுதி வந்த காசு குடும்பத்துக்குப் போதவில்லை. அன்மேரியின் ஆசிரியர் சம்பளம்தான் பல மாதங்கள் அடுப்பை எரியவிட்டது. ப்யோல் நகராட்சியின் புள்ளிவிவர அலுவலகத்தில் தற்காலிக வேலைக்கும் போனார். 1951-ல் 'குரூப் 47' என்ற எழுத்தாளர் அமைப்பின் பரிசு கிடைத்த பிறகுதான் இலக்கிய உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

அவர் கதைகளில் வீரர்கள் இல்லை, பசித்தவர்கள் இருந்தார்கள். விதவைகள், அப்பாவை இழந்த பிள்ளைகள், ஒற்றை அறையில் நெருக்கியடித்து வாழும் குடும்பங்கள். ஒரு நாவலுக்கு அவர் வைத்த தலைப்பே 'ஆரம்ப வருடங்களின் ரொட்டி'!

அட்டையில் இரண்டு பெயர்கள்

ஹிட்லர் ஆட்சியில் புத்தகங்கள் எரிக்கப்பட்டன. வெளிநாட்டு எழுத்துகள் பலவற்றுக்குத் தடை விழுந்தது. பொய்ப் பிரசாரத்தில் ஜெர்மன் மொழியே நஞ்சேறிப் போயிருந்தது. மனிதர்கள் குடியிருக்கத் தகுந்த மொழியாக அதை மீண்டும் கட்ட வேண்டும் என்று நினைத்தார் ப்யோல். அதற்கு உலகக் காற்றும் உள்ளே வர வேண்டும் அல்லவா?

கணவனும் மனைவியும் சேர்ந்து அந்த வேலையில் இறங்கினார்கள். பெர்னார்ட் ஷாவின் நாடகம், அயர்லாந்தின் ஜே.எம். சிங், பிரெண்டன் பெஹன் ஆகியோரின் நாடகங்கள், அமெரிக்காவின் பெர்னார்ட் மாலமுட் நாவல் என்று வரிசையாக ஜெர்மன் மொழிக்கு வந்தன. சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை' நாவலை ஒரு தலைமுறை ஜெர்மன் இளைஞர்கள் படித்தது, 1962-ல் ப்யோல் பெயரோடு வந்த பதிப்பில்தான். இந்த மொழிபெயர்ப்புப் பணியில் பெரும்பங்கு அன்மேரியுடையது. நோபல் வெளிச்சம் கணவர் மேல் விழுந்தாலும், அந்த வீட்டின் ஆங்கில வாசலைத் திறந்தவர் அவர்தான்.

அயர்லாந்து மீது இருவருக்கும் தனிப் பிரியம். அக்கில் தீவில் ஒரு குடிசை வீடு வாங்கிப் பிள்ளைகளோடு தங்கினார்கள். 1957-ல் வந்த ப்யோலின் 'ஐரிஷ் நாட்குறிப்பு' பல ஜெர்மானியர்களை அந்த நாட்டுக்கு அழைத்துப் போனது.

ஒரே வருடம், இரண்டு முகங்கள்

1972 ப்யோல் வாழ்க்கையில் மறக்க முடியாத வருடம். தீவிரவாதக் குழு ஒன்றைப் பற்றி ஒரு பிரபல நாளிதழ், நிரூபணம் ஆகும் முன்பே தீர்ப்புச் சொல்வதைக் கண்டித்து ஜனவரியில் கட்டுரை எழுதினார். வன்முறையை அவர் ஆதரிக்கவில்லை. சட்டப்படி நடக்கச் சொன்னார். ஆனால், தீவிரவாதிகளின் ஆதரவாளர் என்றே அவருக்கு முத்திரை குத்தப்பட்டது. அவருடைய கிராமத்து வீட்டைப் போலீஸ் சோதனை போட்டது.

அதே வருடம் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது!

பட்ட காயம் 1974-ல் நாவலாக வந்தது. 'காத்தரினா ப்ளூமின் இழந்த மானம்'. ஒரு விருந்தில் சந்தித்தவனை நேசித்த குற்றத்துக்காக, ஒரு சாதாரண வீட்டு வேலைக்காரப் பெண்ணின் பெயரை ஒரு பத்திரிகை நான்கே நாள்களில் நாசமாக்குகிறது. செய்தியை ஃபார்வர்டு செய்யும் முன் யோசிக்காத இந்தக் காலத்தில் படித்தால் இன்னும் சுடும். மறுவருடமே படமாகவும் வந்தது.

கடைசி வரை ப்யோல் அடங்கவில்லை. 1983-ல் அணு ஏவுகணைகளை எதிர்த்து முட்லாங்கன் ராணுவத் தளத்தின் முன் மற்றவர்களோடு தரையில் உட்கார்ந்தார். 1985 ஜூலை 16 அன்று, அதே லாங்கன்பிராய்க் வீட்டில் காலமானார்.

மூடாத கதவு

போர்க்காலக் கடிதங்கள் 2001-ல் இரண்டு தொகுதிகளாக வெளியானபோது அன்மேரிக்கு வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. 2004-ல் அவரும் மறைந்தார். 2009 மார்ச்சில் கொலோன் நகர ஆவணக் காப்பகக் கட்டடம் இடிந்து விழுந்தபோது, அங்கே வைக்கப்பட்டிருந்த ப்யோலின் காகிதங்களும் புழுதியில் புதைந்தன. இடிபாடுகளைப் பற்றி எழுதியவரின் கையெழுத்துப் பிரதிகளை இடிபாடுகளில் இருந்தே தேடி எடுக்க வேண்டியிருந்தது.

ஆனால், வீடுகள் நிற்கின்றன. அக்கில் தீவுக் குடிசையில் இப்போது கலைஞர்களும் எழுத்தாளர்களும் தங்கி வேலை செய்கிறார்கள். சோல்செனிட்சின் வந்து இறங்கிய லாங்கன்பிராய்க் வீடு, சொந்த நாட்டில் எழுத முடியாமல் துரத்தப்பட்ட எழுத்தாளர்கள் பலருக்கு, அவர் மறைவுக்குப் பிறகும் அடைக்கலம் தந்தது.