பசுமைப் பெட்டியும் கணிப்பொறியும்

கேபினெட் என்று வழங்கும் கணிப்பொறியின் வெளிப்பெட்டியை மூங்கிலாலோ பழைய பிளாஸ்டிக்காலோ செய்துவிட்டால், அப்பொறி சுற்றுச்சூழலுக்கு உகந்ததாகிவிடுமா? இதனை இன்று ஆராய்வோம்.

முயற்சிகள் நடைபெறாமலில்லை. 2008இல் ஆசூஸ் நிறுவனம் மூங்கில் போர்த்திய மடிக்கணிப்பொறியை வெளியிட்டது. எங்கள் கரையான்சாவடிக்கு மேற்கே, திருப்பெரும்புதூரில், 2007இல் தொழிற்சாலை தொடங்கிய டெல் நிறுவனம், கழித்த மின்கருவிகளின் பிளாஸ்டிக்கைக் கொண்டு 2014இல் புதிய பொறிகளின் பாகங்களை வார்த்தது. அலுமினியத்தைத் தாதுவிலிருந்து பிரிப்பதினும், பழையதை உருக்குவதற்கு ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு ஆற்றலே போதும். இவை மெய்யான நன்மைகளே.

ஆயினும் பெட்டி வேறு, பொறி வேறு. ஆக்கத்தில் பெரும் ஆற்றலையும் தூய நீரையும் விழுங்குபவை உள்ளிருக்கும் சில்லுகளும் மின்சுற்றுப் பலகைகளுமே. மூங்கிலும், பசையும் பூச்சும் ஏறியபின், எளிதில் மக்குவதில்லை.

ஆகவே, வாங்குமுன் மூன்று வினாக்களைக் கேட்குமாறு என் பழைய மாணவர்க்குக் கூறுவேன். பெட்டி எதனால் ஆனது? திறந்து பழுதுபார்க்க இடந்தருமா? ஆயுள் முடிந்தபின் யார் ஏற்றுக்கொள்வர்? 2023 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள மின்கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்துகின்றன. முறையாக ஒப்படைக்காமல் காயலான் கடையில் போட்டால், செம்புக்காகக் கம்பியை எரிக்கும் நச்சுப்புகை நம் பிள்ளைகளின் மூச்சில் கலக்கக்கூடும்.

சாதாரண இரும்புப் பெட்டியிலேயே, பழுதான உறுப்பை மட்டும் மாற்றிப் பல்லாண்டு பயன்படுத்தலாம். நன்றாக இயங்கும் பொறியை எறிந்துவிட்டுப் பசுமைப் பெட்டி வாங்குதல் சிக்கனமுமன்று, பசுமையுமன்று.