செல்போன் டவர்: அச்சமும் அளவீடும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பேருந்தில் செல்பவர்கள் வழியெங்கும் தட்டையான மானாவாரி நிலத்தையும், அதை மூடி நிற்கும் சீமைக் கருவேலங் காட்டையும் காணலாம். அந்த வெளியில் உயர்ந்து நிற்பவை மிகச் சிலவே. பனைமரம், கோயில் கோபுரம், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி. இப்போது அவற்றோடு செல்போன் டவரும் சேர்ந்துகொண்டது. உயர்ந்து நிற்பதாலேயே அது எல்லார் கண்ணிலும் படுகிறது. எல்லார் வாயிலும் விழுகிறது. "டவர் பக்கத்தில் குடியிருந்தால் புற்றுநோய் வரும்", "தலைவலிக்கு அதுதான் காரணம்", "சிட்டுக்குருவிகளை அதுதான் அழித்தது" என்று பள்ளிப் பிள்ளைகள் கூடப் பேசிக்கொள்கிறார்கள். அப்படிப் பேசும் பிள்ளைகளில் பலர் செல்போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் உறங்குகிறார்கள்!

எங்கள் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "டவரிலிருந்து 100 மீட்டர் தொலைவில் உங்கள் வீடு இருக்கிறது. உங்கள் கையில் ஒரு செல்போன் இருக்கிறது. இவ்விரண்டில் எதிலிருந்து உங்கள் உடலுக்கு அதிக அலை வந்து சேருகிறது?" பெரும்பாலான கைகள் டவருக்கே உயரும். ஆனால் கை தூக்கித் தீர்மானிக்க வேண்டிய விஷயமன்று இது. கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாருங்கள்.

ஒரு சிறு கணக்கு

விளக்கிலிருந்து விலக விலக வெளிச்சம் குறைகிறது அல்லவா? தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் பாதியாவதில்லை. நான்கில் ஒரு பங்காகிறது. தூரம் பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்கு. ரேடியோ அலைகளும் இவ்வாறே. திறனை 4 × 3.14 × தூரத்தின் வர்க்கம் என்பதால் வகுத்தால், ஒரு சதுர மீட்டர் பரப்பில் எத்தனை வாட் விழுகிறது என்பது கிடைக்கும்.

டவரில் உள்ள ஓர் ஆன்டெனாவுக்கு 20 வாட் திறன் தரப்படுவதாகக் கொள்வோம். வீட்டில் எரியும் குழல்விளக்கின் திறனுக்கு அது அதிகமில்லை. ஆனால் டார்ச் விளக்கின் கண்ணாடி ஒளியைக் குவிப்பதுபோல ஆன்டெனா அலைகளை ஒரு திசையில் குவிக்கிறது. அதனால் அத்திசையில் மட்டும் அது ஏறத்தாழ 50 மடங்கு வலிமையுடன், அதாவது 1,000 வாட் மூலம் போலத் தோன்றும். 100 மீட்டர் தொலைவில் 1,000 ÷ (4 × 3.14 × 100 × 100) = 0.008 வாட். கற்றையின் நேர் எதிரே நின்றால்தான் இந்த அளவும்.

இனிச் செல்போன். 4ஜி செல்போன் வெளியிடக்கூடிய உச்சத் திறன் 0.2 வாட்தான். டவர் ஆன்டெனாவின் திறனில் நூறில் ஒரு பங்கு. ஆனால் அது இருப்பது நம் கையில், 10 சென்டிமீட்டர் தூரத்தில். 0.2 ÷ (4 × 3.14 × 0.1 × 0.1) = 1.6 வாட். டவர் தந்ததைப்போல் 200 மடங்கு! காதோடு ஒட்டி வைத்தால் இந்த எளிய சூத்திரம் பொருந்தாது. ஆயினும் பதில் எந்தப் பக்கம் சாயும் என்பது விளங்கியிருக்கும்.

டவருக்கு நேர் கீழே குடியிருப்போர் நிலை என்ன என்று கேட்பீர்கள். ஆன்டெனாவின் கற்றை ஏறக்குறையக் கிடைமட்டமாக, சில பாகை மட்டும் கீழ்நோக்கிச் சாய்ந்து செல்கிறது. 40 மீட்டர் உயர டவரின் கற்றை தரையைத் தொடுவது சில நூறு மீட்டருக்கு அப்பால்தான். விளக்கடியில் இருட்டு என்பது இங்கும் உண்மை.

கணக்கு இத்துடன் முடியவில்லை. செல்போன் எப்போதும் உச்சத் திறனில் இயங்குவதில்லை. டவர் அருகில் இருந்தால், "மெல்லப் பேசினால் போதும்" என்று டவரே அதற்குக் கட்டளை அனுப்புகிறது. அப்போது செல்போன் தன் திறனை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்துக்கொள்ளும். டவர் தொலைவில் இருந்தால், தூரத்து வயலில் நிற்பவரைக் கூவி அழைப்பவர்போல முழு மூச்சோடு கத்தியாக வேண்டும். ஆகவே நம் வறண்ட காட்டு ஊர்களில், ஒரே ஒரு கோடு சிக்னலைத் தேடிக் கண்மாய்க் கரையில் ஏறி நின்று பேசுகிறவர்தான் டவருக்கு அருகில் பேசுபவரைவிட அதிக அலையைப் பெறுகிறார். டவர் வேண்டாம் என்று விரட்டிய ஊர்க்காரர் தம் தலைக்கு வரும் அலையைக் குறைத்துக்கொள்ளவில்லை, கூட்டிக்கொண்டார்!

அலை உடலில் என்ன செய்கிறது?

200 மடங்கு என்றதும் செல்போனைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதிகம் என்பது வேறு, ஆபத்து என்பது வேறு.

'கதிர்வீச்சு' என்ற சொல்தான் பலரை மிரட்டுகிறது. அடுப்புத் தணலிலிருந்து வரும் வெப்பமும் கதிர்வீச்சுதான், நிலவொளியும் அதுவேதான். எக்ஸ் கதிர்களும் காமா கதிர்களும் உடலிலுள்ள மூலக்கூறுகளைப் பிளக்க வல்லவை. காரணம், அவற்றின் ஒவ்வொரு ஃபோட்டானும் சுமந்துவரும் ஆற்றல் மிகப் பெரிது. மூலக்கூறின் பிணைப்பை முறிக்கச் சில எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஃபோட்டானுக்கு இருப்பதோ ஓர் எலெக்ட்ரான் வோல்ட்டின் பத்து லட்சத்தில் நான்கு பங்கு கூட இல்லை. பச்சை நிற ஒளியின் ஃபோட்டான் அதைவிட ஆறு லட்சம் மடங்கு வலியது. எண்ணிக்கையைக் கூட்டினால் ஈடாகிவிடாதா? ஆகாது. ஓர் ஆள் உயரம் மட்டுமே தாவக்கூடிய ஆயிரம் பேர் சேர்ந்து தாவினாலும் பத்து ஆள் உயர மதிலை ஒருவர்கூடத் தாண்ட முடியாது.

எனவே ரேடியோ அலை உடலில் செய்வதாக உறுதிப்பட்டது ஒன்றே: சிறிது சூடாக்குதல். இந்தச் சூட்டுக்கு வரம்பு உண்டு. ஒரு கிலோ திசு 1.6 வாட்டுக்கு மேல் உறிஞ்சும்படி செல்போன் இருக்கக் கூடாது என 2012இல் இந்திய அரசு விதித்தது. நம் மூளை சும்மா இருக்கும்போதே கிலோவுக்கு ஏறத்தாழ 14 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. அதையே இரத்த ஓட்டம் சுமந்து சென்றுவிடுகிறது. நெடுநேரம் பேசினால் காது சுடுகிறதே என்பீர்கள். அது பெரும்பாலும் பேட்டரியின் சூடு; காதை மூடிக்கொண்டிருப்பதாலும் வருவது. உங்கள் செல்போனின் அளவை அறிய *#07# என்று அழுத்திப் பாருங்கள்.

டவருக்கு வேறு வரம்பு. 2012 செப்டம்பரில் நம் நாடு சர்வதேச வரம்பைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட் என்று வைத்தது. நாம் கண்ட 0.008ஐ இத்துடன் ஒப்பிடுங்கள். ஒரே டவரில் பத்து ஆன்டெனாக்கள் ஒரே திசையில் வீசினாலும் 0.08தான். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஆற்றல் சுமார் 1,000 வாட். (இந்த ஒப்பீடு முற்றிலும் நேர்மையானதன்று. வெயில் தோலோடு நின்றுவிடும். ரேடியோ அலை சில சென்டிமீட்டர் உள்ளே செல்லும். ஆயினும் அளவு எத்தகையது என்பதைக் காட்ட உதவும்.)

நோயாளிகளை எண்ணிப் பார்த்தவர்கள்

சூத்திரம் சொல்வது சரியா என்று மனிதர்களிடம் பார்த்தாக வேண்டும். 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, ரேடியோ அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கக் கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. செய்தித்தாள்கள் அலறின. ஆனால் அந்தப் பட்டியல் ஆபத்தின் அளவைக் கூறுவதன்று, சான்றின் வலுவைக் கூறுவது. 2பி என்பது "சந்தேகம் தீரவில்லை" என்று பொருள்படும். கற்றாழை இலையின் முழுச்சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அதற்கு மேற்பட்ட 2ஏ பிரிவில் விறகடுப்புப் புகை இருக்கிறது. உறுதியான முதற்பிரிவில் புகையிலையும் வெறும் பாக்கும் வெயிலும் இருக்கின்றன. பாக்கை மென்றுகொண்டே டவரைக் குறை கூறுவோரை நான் கண்டிருக்கிறேன்.

சந்தேகத்தைத் தீர்க்கப் பிறகும் பலர் முயன்றார்கள். உங்கள் வயதினரையே ஆராய்ந்தது 'மொபி-கிட்ஸ்' ஆய்வு. இந்தியா உட்பட 14 நாடுகளில், 10 முதல் 24 வயதுக்குள் மூளைக் கட்டி வந்த சுமார் 900 பேரை, அந்நோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்டார்கள். செல்போனால் ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை என்று அதன் முடிவு 2021 இறுதியில் வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனத்திற்காக 63 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2024ஆம் ஆண்டு அறிக்கையும் மூளைப் புற்றுநோயோடு தொடர்பு காணவில்லை. டவர் பற்றி? பிரிட்டனில் 2010இல், புற்றுநோய் வந்த 1,397 சிறு குழந்தைகளின் தாய்மார் கருவுற்ற காலத்தில் டவருக்கு எவ்வளவு அருகில் வசித்தார்கள் என்று பார்த்தார்கள். நோயில்லாத குழந்தைகளின் தாய்மாரிலிருந்து வேறுபாடில்லை. மறுபக்கச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் 2018இல் முடிந்த ஆய்வில், நாளுக்கு 9 மணி நேரம், இரண்டு ஆண்டுகள், உடல் முழுதும் கடும் அலை பாய்ச்சப்பட்ட ஆண் எலிகளுக்கு இதயத்தில் கட்டிகள் கூடின. ஆனால் அதே எலிகள், அலை படாத எலிகளைவிட நீண்ட நாள் வாழ்ந்தன! இதை வைத்து எப்பக்கமும் அடித்துப் பேச முடியாது.

2017இல் குவாலியர் நகரில், தமக்கு வந்த புற்றுநோய்க்குப் பக்கத்து வீட்டு டவரே காரணம் என்று ஒருவர் முறையிட, உச்ச நீதிமன்றம் அந்த டவரை நிறுத்த ஆணையிட்டது. இது பலருக்குத் தெரியும். நோயுற்றவரின் துயரை நீதிமன்றம் கவனித்தது இயல்பே. ஆனால் டவர் வந்த பின் நோய் வந்தது என்பதால் டவரால் வந்தது என்றாகாது. டவர் இல்லாத ஊர்களில் எத்தனை பேருக்கு அந்நோய் வந்தது என்று கேட்பதே விஞ்ஞானக் கேள்வி.

குருவி விஷயமும் இப்படித்தான். 2018இல் வந்த '2.0' திரைப்படத்தில் செல்போன் அலைகளால் பறவைகள் மடிவதைக் கண்டு நாம் கலங்கினோம். நாடெங்கும் பறவை நோக்குவோர் குறித்து வைத்த கணக்குகளிலிருந்து 2020இல் வெளியான இந்தியப் பறவைகள் நிலை அறிக்கையோ, சிட்டுக்குருவியின் எண்ணிக்கை 25 ஆண்டுகளில் நாடு முழுவதும் பெருமளவு நிலையாகவே இருப்பதாகவும், பெருநகரங்களில்தான் குறைந்ததாகவும் கூறுகிறது.

அச்சம் எங்கிருந்து வருகிறது?

டவருக்கு அஞ்சுகிறவர் அறிவிலி அல்லர். 1969இல் சான்சி ஸ்டார் என்ற அமெரிக்க அறிஞர் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். தாமே விரும்பி ஏற்கும் ஆபத்தை, பிறர் தம்மீது சுமத்தும் ஆபத்தைப்போல் ஆயிரம் மடங்கு வரையில்கூட மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். செல்போன் நாம் ஆசையாய் வாங்கியது. டவரோ நம்மைக் கேளாமல் வந்தது. வாடகை பக்கத்து நிலக்காரருக்கு, இரைச்சலிடும் டீசல் ஜெனரேட்டர் நமக்கு. "எங்களைக் கேட்காமல் வைத்தீர்களே" என்பது நியாயமான மனக்குறை. அதை அப்படியே சொல்வது நல்லது; புற்றுநோய் என்ற வேடம் அதற்குத் தேவையில்லை. 2017இல் அரசு தொடங்கிய 'தரங் சஞ்சார்' இணையதளத்தின் வழியே, கட்டணம் செலுத்தி எந்த டவரையும் அளந்து காட்டும்படி கேட்கவும் இடமுண்டு.

அச்சமே நோய் தருவதும் உண்டு. 2013இல் லண்டனில் நடந்த சோதனை ஒன்றில் 147 பேர் கலந்துகொண்டனர். சிலருக்கு வைஃபை அலையின் தீங்கு பற்றிய தொலைக்காட்சிப் படமும், மற்றவர்க்குத் தொடர்பில்லாத படமும் காட்டப்பட்டன. பிறகு 15 நிமிடம் வைஃபை அலை பாய்ச்சப்படுவதாகச் சொன்னார்கள். பாதிக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஓர் உபாதை தோன்றியதாகக் கூறினர். முதற்படத்தைப் பார்த்தவர்களில், இயல்பாகவே பதற்றம் மிகுந்தோருக்கு அது அதிகம். உண்மையில் அங்கே எந்த அலையும் பாய்ச்சப்படவில்லை! அவர்களுக்கு வந்த தலைவலி பொய்யன்று, காரணம்தான் வேறு.

இந்த அச்சத்துக்கு விலையும் உண்டு. 2020இல் பிரிட்டனில், 5ஜி அலைதான் கொரோனாவைப் பரப்புகிறது என்று நம்பி டவர்களுக்குத் தீ வைத்தார்கள். 2021 மே மாதம் அதே வதந்தி இங்கும் வந்தபோது இந்தியாவில் 5ஜி சோதனையே தொடங்கியிருக்கவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் பாடம் செல்போனில் நடந்தது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சிக்னல் கிடைக்காத ஊர்ப் பிள்ளைகள் மரத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் ஏறினார்கள். பாம்பு கடித்தவருக்கு 108ஐ அழைக்கவும் அந்தச் சிக்னல்தான் வேண்டும்.

செல்போனால் உயிர் போவது வேறு வழியில். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் சைக்கிள் ஒரு நொடிக்கு 16.7 மீட்டர் ஓடும். வந்த செய்தியை மூன்று நொடி குனிந்து பார்த்தால் 50 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்ததாகும். மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் 50 மீட்டருக்குள் ஆடு வரும், ஆள் வரும், லாரியும் வரும்.

செய்து பாருங்கள்

ஆண்ட்ராய்டு செல்போனில் 'அமைப்புகள்' பகுதிக்குள் 'செல்போனைப் பற்றி', அதற்குள் 'சிம் நிலை' என்று சென்றால், சிக்னலின் வலிமை –70, –110 என்பதுபோல டிபிஎம் அலகில் தெரியும். எண் 10 குறைந்தால் திறன் பத்தில் ஒரு பங்கு. –70க்கும் –110க்கும் இடையே 10,000 மடங்கு வேறுபாடு. –100 என்றால் செல்போனுக்கு வந்து சேர்வது ஒரு வாட்டின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு சிறு அலையில்தான் பேச்சும் படமும் வருகின்றன. டவரின் அடி, 100 மீட்டர், 300 மீட்டர், ஊர்க்கோடி, வீட்டு நடுக்கூடம் என ஐந்து இடங்களில் எண்ணைக் குறியுங்கள். டவரின் அடியில்தான் மிக அதிகமா என்று பாருங்கள். சிக்னல் மிகவும் குறைந்த இடத்தில் பத்து நிமிடம் பேசி, பேட்டரி எத்தனை சதவீதம் இறங்கியது என்பதையும், டவர் அருகில் அதே பத்து நிமிடத்தில் எவ்வளவு இறங்கியது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.