மூட்டை தூக்கும் கொக்கி ஆளைத் தாங்குமா?



புரட்டாசி பிறந்துவிட்டால் நம்மில் பலருக்கும் கிட்டங்கிக் கூரை ஞாபகம் வந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மாற்ற வேண்டும், கடையின் பெயர்ப் பலகையை இறுக்க வேண்டும். பருப்பும் சீனியும் நனைந்தால் எவ்வளவு நஷ்டம் என்று நமக்கு நன்றாகத் தெரியும். மேலே ஏறிய ஆள் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் 1996-ல்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த ஆண்டு எங்கள் கிட்டங்கியில் ஷீட் மாற்ற ஒருவர் ஏறினார். இடுப்பில் கயிறு. அதன் மறுமுனையைச் சுவரின் உச்சியில் மூட்டை ஏற்றக் கப்பி மாட்டும் கொக்கியில் கட்டினார். "இது போதுமாப்பா?" என்று கேட்டேன். "100 கிலோ மூட்டையைத் தூக்குது அண்ணாச்சி, 70 கிலோ ஆளைத் தாங்காதா?" என்றார். எனக்கும் அது சரியான கணக்காகவே பட்டது. ஷீட் உடைந்து அவர் விழுந்தபோது கொக்கி செங்கலோடு பெயர்ந்து வந்தது. துவரை மூட்டைகளின் மேல் விழுந்ததால் உயிர் தப்பினார். ஆனால் இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் அவர் கூரை ஏறவில்லை. வைத்தியச் செலவை நான் கொடுத்தேன். அவருடைய தொழிலைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை.

கணக்கில் பிழை எங்கே?

ஸ்பிரிங் தராசில் ஒரு கிலோ படிக்கல்லை மெல்ல வைத்தால் முள் ஒரு கிலோவில் நிற்கும். அதே கல்லை ஒரு முழம் உயரத்திலிருந்து போட்டால் முள் எங்கோ போகும். ஆளும் அப்படித்தான். 70 கிலோ ஆள் 6 அடி விழுந்து, கயிறு அரை அடிக்குள் அவரை நிறுத்தினால், கொக்கியின் மேல் சராசரியாக 910 கிலோ இழுவை விழுகிறது. அதாவது ஒன்பது மூட்டை. அந்த இழுவை அவருடைய இடுப்பிலும் விழுகிறது. ஆகவே வெறும் இடுப்புக் கயிறு கூடாது. தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட் வேண்டும். ஐ.எஸ். 3521 தரமுள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். அதன் கயிற்றில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர் இருந்தால் இழுவை சுமார் 600 கிலோவுக்குள் அடங்கும்.

எதில் மாட்டுவது?

கயிற்றை மாட்டும் பிடிமானத்தை ஆங்கர் என்கிறார்கள். ஐரோப்பியத் தரப்படி ஓர் ஆளுக்கான ஆங்கர் சுமார் 1,200 கிலோ இழுவை தாங்க வேண்டும். அமெரிக்க விதி 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ கேட்கிறது. கான்கிரீட் தூண், பீம், கூரையின் முக்கிய இரும்புச் சட்டம் ஆகியவற்றில் ஆங்கர் போடலாம். எங்கே, எந்த போல்ட் என்பதை இன்ஜினியர் சொல்ல வேண்டும். செங்கல் கைப்பிடிச் சுவர், ஜன்னல் கம்பி, மழைநீர்க் குழாய், ஷீட்டைப் பிடிக்கும் ஜே-போல்ட் எதிலும் மாட்டக் கூடாது.

ஆங்கர் தலைக்கு மேலே, வேலை செய்யும் இடத்துக்கு நேராக இருப்பது நல்லது. பக்கவாட்டில் இருந்தால் விழுந்தவர் ஊஞ்சல்போல் ஆடிச் சுவரில் மோதுவார்.

கீழே இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கயிறு 2 மீட்டர், அப்சார்பர் பிரிவது 1.75 மீட்டர் வரை, பெல்ட்டிலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர், மிச்ச இடைவெளி 1 மீட்டர். மொத்தம் ஆங்கருக்குக் கீழே சுமார் 20 அடி வேண்டும். 15 அடி உயரக் கிட்டங்கியில் அப்சார்பர் முழுதும் பிரியும் முன்பே ஆள் தரையில் மோதக்கூடும். அங்கே கயிற்றைக் குட்டையாக்க வேண்டும். அல்லது கீழிருந்து சாரம் கட்டி வேலை செய்ய வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குச் சாரமே உத்தமம். ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் சட்டங்களின் குறுக்கே பலகை போட்டு, அதன் மேல்தான் நடக்க வேண்டும்.

பராமரிப்பு

1. ஆங்கரில் கப்பி மாட்டாதீர்கள், மூட்டை தூக்காதீர்கள். அது ஆளுக்கு மட்டும்.

2. ஒவ்வொரு முறையும் மாட்டும் முன் துரு, தளர்ந்த நட்டு, வளைவு, சுற்றிலும் கான்கிரீட் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். உப்பு வைக்கும் கிட்டங்கியில் துரு சீக்கிரம் பிடிக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது விவரம் தெரிந்தவரை அழைத்துச் சோதித்துத் தேதியை எழுதி வையுங்கள்.

3. பெல்ட்டையும் கயிற்றையும் மூட்டை மேல் போடாதீர்கள், எலி கடிக்கும். வெயிலும் ஆசிட்டும் படாமல் மூடியுள்ள தகரப் பெட்டியில் வையுங்கள். அழுக்கானால் சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள்.

4. ஒரு முறை விழுந்த ஆளைத் தாங்கிய பெல்ட்டையும் கயிற்றையும் வெட்டி எறிந்துவிடுங்கள். ஆங்கரை இன்ஜினியர் பார்க்கும்வரை தொடாதீர்கள்.

5. மேலே ஆள் இருக்கும்போது கீழே ஒருவர் ஏணியோடு நிற்க வேண்டும். பெல்ட்டில் அசையாமல் தொங்கினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுச் சில நிமிடங்களில் மயக்கம் வரலாம். உடனே இறக்க வேண்டும்.

"கூலிக்கு வந்த ஆள், கயிறு அவர் பொறுப்பு" என்று சிலர் சொல்வதுண்டு. கூரை நம்முடையது, கொக்கி நம்முடையது, ஏறச் சொன்னதும் நாம்தான். இந்த மழைக்கு முன் ஆளைக் கூப்பிடுவதற்கு முதல் நாள், உங்கள் கிட்டங்கியில் எந்தப் பிடிமானத்தை நம்பி அவர் ஏறப் போகிறார் என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.